லெஸ்டரில் ‘ஏஷியன்’, எடிசனில் யார்?

கேள்வி: சொந்த ஊர் கோவை. திருமணமானதிலிருந்து இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் இருந்தேன். அலுவலகம் அமெரிக்காவுக்கு மாற்றியதால் இப்போது நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் குடிவந்திருக்கிறோம். பெரிய கடைகளின் விற்பனைக் கணக்கை அலசிச் சொல்வது எங்கள் குழுவின் வேலை. கேப் டவுன், டொராண்டோ, ஆக்லாந்து என்று பல ஊர்களிலும் ஆட்கள் இருக்கிறார்கள். வந்த மாதமே, ‘ஏஷியன் வாடிக்கையாளர்கள் பண்டிகை நாட்களில் என்ன வாங்குகிறார்கள்’ என்று ஓர் அறிக்கை தயாரித்தேன். தீபாவளி, ரம்ஜான் இரண்டையும் எழுதியிருந்தேன். “சீனப் புத்தாண்டு எங்கே? கொரியர்கள் எங்கே?” என்று மேலாளர் கேட்டபோது முழித்தேன். அடுத்த கூட்டத்தில் கேப் டவுன் தோழி ஒருத்தி, “நான் கலர்ட்” (Coloured, ‘நிறமுள்ளவள்’) என்று சர்வசாதாரணமாகச் சொன்னாள். அமெரிக்கர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு அவளைப் பற்றிப் பேசும்போது நானும் அதே சொல்லைச் சொல்லப்போய், மனிதவளத் துறையிலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்துவிட்டது. போதாததற்கு மகளின் பள்ளிப் படிவத்தில் ‘இனம்’ என்று ஒரு பகுதி. கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். எந்த நாட்டில் யாரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுத்தால் மேசையில் ஒட்டி வைத்துக்கொள்வேன்.

– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: அன்புள்ள சகோதரி,

பட்டியல் தர மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டு அலுவலகங்களுக்குப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் தொழில். ‘சொல்லலாம், சொல்லக்கூடாது’ என்று இரண்டு பத்தி போட்ட தாளைப் பல நிறுவனங்கள் அச்சடித்தே கையில் கொடுத்துவிடுகின்றன. அதை மனப்பாடம் செய்தவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். ஒரு நாட்டுக்கு யார், எப்போது, எந்த வழியாக வந்து சேர்ந்தார்கள், அந்த நாட்டு அரசாங்கம் அவர்களை எந்தக் கட்டத்தில் அடைத்தது என்பதை வைத்துத்தான் இந்தப் பெயர்களெல்லாம் உண்டாகின்றன. அந்தக் கதை தெரிந்தால் புது ஊரில் புதுச் சொல் காதில் விழும்போதும் சமாளித்துவிடலாம். கதை தெரியாமல் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் விமானம் ஏறி இறங்கியதும் அது செல்லாமல் போகிறது.

முதலில் உங்கள் அறிக்கையை எடுத்துக்கொள்வோம். லெஸ்டர் அலுவலகத்தில் கொடுத்திருந்தால் அதில் யாரும் ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டார்கள். அங்கே ‘ஏஷியன் கடை’ என்றால் கறிவேப்பிலை கிடைக்கும். ‘ஏஷியன் கல்யாணம்’ என்றால் மருதாணியும் நானூறு பேர் பந்தியும். சீனர்களைச் ‘சைனீஸ்’ என்று தனியாகத்தான் சொல்வார்கள். இது வெறும் தெருப்பேச்சு வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 2001இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவம் கையில் கிடைத்தால் பாருங்கள். ‘ஏஷியன் அல்லது ஏஷியன் பிரிட்டிஷ்’ என்ற தலைப்பின் கீழே இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், பிற ஏஷியன் என்று நான்கு கட்டங்கள் இருக்கும். சீனர் அங்கே இருக்க மாட்டார்கள். படிவத்தின் கடைசியில், ‘சைனீஸ் அல்லது பிற இனம்’ என்ற தலைப்பில் ஒதுங்கியிருப்பார்கள். 2011இல்தான் அவர்களை ‘ஏஷியன்’ தலைப்புக்குள் கொண்டுவந்தார்கள். படிவம் மாறியதே தவிர, கடைத்தெருப் பேச்சு இன்னும் மாறவில்லை.

ஏன் இப்படி? 1947க்கு முன் பிரிட்டிஷ்காரர்களுக்கு நாம் எல்லாரும் ‘இண்டியன்’. பிரிவினைக்குப் பிறகு ஒரே தெருவில் இருந்த குஜராத்தி இந்துவையும் பஞ்சாபி முஸ்லிமையும் ஒரே பெயரால் அழைக்க ‘இண்டியன்’ உதவவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் நம்மவர்கள் குடியேறியிருந்த கென்யா, உகாண்டா போன்ற கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் ‘ஏஷியன்’ என்ற சொல் அந்த இடத்தைப் பிடித்தது. 1972இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஏஷியன்களை வெளியேற்றியபோது சுமார் 27,000 பேர் பிரிட்டன் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பெயரையும் கூடவே கொண்டுவந்தார்கள். உங்கள் லெஸ்டர் நகராட்சி அப்போது உகாண்டா நாளிதழ் ஒன்றில், ‘உங்கள் நன்மையைக் கருதி இங்கே வராதீர்கள்’ என்று விளம்பரமே கொடுத்தது. வந்தார்கள். இன்று அந்த நகரில் வெள்ளையரை விட ஏஷியன்களே அதிகம். பெல்கிரேவ் சாலையில் தீபாவளி விளக்கு பார்த்திருப்பீர்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. (கென்யாவில் தங்கிவிட்டவர்களின் கதை இன்னொரு திசையில் போயிற்று. 2017இல் அந்நாட்டு அரசாங்கம் ‘ஏஷியன்’களை நாட்டின் 44வது பழங்குடியாக அறிவித்துவிட்டது.)

அமெரிக்காவில் வந்தவர்களின் வரிசையே வேறு. தங்கம் தேடியும் ரயில்பாதை போடவும் சீனர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே வந்துவிட்டார்கள். பிறகு ஜப்பானியர், கொரியர், பிலிப்பினோக்கள். கலிபோர்னியா வயல்களில் வேலை பார்த்த சில ஆயிரம் பஞ்சாபிகளைத் தவிர நம் ஆட்கள் 1965இல் குடியேற்றச் சட்டம் மாறும் வரை கண்ணில் பட்டதே அபூர்வம். அதனால் சராசரி அமெரிக்கருக்கு ‘ஏஷியன்’ என்றதும் மனத்தில் வருவது கிழக்கு ஆசிய முகம். அரசாங்கக் கணக்கில் நாமும் ஏஷியன்தான். பேச்சில் பாதி நேரம் இல்லை. உங்கள் மேலாளர் கேட்டது அவர் பார்வையில் நியாயமான கேள்வி.

அந்த அரசாங்கக் கணக்கில் நாம் எப்படி நுழைந்தோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் எடிசன் பக்கத்து இந்தியக் கடைத்தெருவான ஓக் ட்ரீ ரோட்டில் காய்கறி வாங்கும் நம் ஆட்களில் பலருக்கே இது தெரியாது. 1920, 1930, 1940 ஆகிய மூன்று கணக்கெடுப்புகளிலும் அமெரிக்கா நம்மை ‘ஹிந்து’ என்ற இனமாக எழுதியது. மதமாக அல்ல, இனமாக. கலிபோர்னியாவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சீக்கியர்கள், முஸ்லிம்களும் உண்டு, எல்லாரும் ‘ஹிந்து’. பகத் சிங் திந்த் என்று ஒரு சீக்கியர், முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், குடியுரிமை கேட்டு வழக்காடினார். அன்றைய சட்டப்படி வெளிநாட்டில் பிறந்தவர்களில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சத்தவருக்கும் மட்டுமே குடியுரிமை கிடைக்கும். ‘இனவியல் நூல்களின்படி நான் காக்கேசியன், ஆகவே வெள்ளையன்’ என்பது அவர் வாதம். 1923இல் உச்ச நீதிமன்றம், நூல்கள் என்ன சொன்னாலும் சாதாரண மனிதன் யாரை வெள்ளையன் என்று நினைக்கிறானோ அவன்தான் வெள்ளையன் என்று தீர்ப்பளித்து அனுப்பிவிட்டது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் சிலருக்கும் அது பறிபோனது. இந்தியர்கள் குடியுரிமை பெறலாம் என்று சட்டம் மாறியது 1946இல்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1970 கணக்கெடுப்பில் அதே அரசாங்கம் இந்தியர்களை வெள்ளையரோடு சேர்த்து எண்ணியது. எழுபதுகளில் இந்தியர் அமைப்புகள் போராடின. சிறுபான்மையினருக்கான பாதுகாப்புகள் நமக்கும் வேண்டுமென்றால் தனிக் கட்டம் வேண்டும் என்றன. நம்மவர்களிலேயே சிலர் வேண்டாம் என்றும் சொன்னார்கள். சிறுபான்மை முத்திரை குத்திக்கொண்டால் பிற்பாடு தொல்லை என்பது அவர்கள் பயம். 1980 படிவத்தில் ‘ஏஷியன் இண்டியன்’ வந்தது. வெறும் ‘இண்டியன்’ என்று போட முடியாது, அந்தப் பெயரில் இந்த மண்ணின் பூர்வகுடிகள் ஏற்கெனவே இருக்கிறார்களே. ஆக, கலிபோர்னியாவில் நெடுங்காலம் வாழ்ந்த ஒரு சீக்கியப் பெரியவர், ஊரும் தோலும் மாறாமலே 1930இல் ஹிந்துவாகவும் 1970இல் வெள்ளையராகவும் 1980இல் ஏஷியனாகவும் இருந்திருக்கிறார். இப்படி ஒரு படிவம் கையில் வரும்போது, அது உங்களைப் பற்றி ஏதோ ஆழமான உண்மையைக் கேட்கிறது என்று நினைத்து வருந்த வேண்டியதில்லை.

சரி, அறிக்கைக்கு வருவோம். அதைத் திருத்தும்போது ‘ஏஷியன்’ என்பதை ‘சவுத் ஏஷியன்’ என்று மாற்றினால் போதும் என்று யாராவது சொல்லுவார்கள். பேச்சுக்கு அது போதும். உங்கள் வேலைக்குப் போதாது. ரம்ஜான் விற்பனையை எடுத்துக்கொள்ளுங்கள். லெஸ்டரில் நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழம் வாங்குகிறவரில் கணிசமானோர் குஜராத்தி, பாகிஸ்தானி, வங்கதேச முஸ்லிம்கள். நியூ ஜெர்சியில் அரபு வம்சத்தவர் ஏராளம். கறுப்பின முஸ்லிம்களும் உண்டு. அரபு வம்சத்தவர்கள் அமெரிக்கப் படிவங்களில் இத்தனை காலமும் ‘வெள்ளையர்’. மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கா என்று தனி வகை சேர்க்கும்படி 2024 மார்ச்சில்தான் விதியைத் திருத்தினார்கள், பழைய தரவு பழையபடியேதான் இருக்கும். இனக் கட்டத்தை வைத்து ரம்ஜான் விற்பனையைத் தேடினால் பாதிப் பேர் வெள்ளையர் பத்தியில் ஒளிந்திருப்பார்கள். பண்டிகையை எழுதுங்கள், கடை இருக்கும் இடத்தை எழுதுங்கள், வாங்கிய பொருளை எழுதுங்கள். இனப் பத்தி கடைசித் துணையாக இருக்கட்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. உங்கள் குழு பல நாட்டுத் தரவையும் ஒரே அட்டவணையில் கொட்டி வைத்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அதில் ‘ஏஷியன்’ என்று ஒரு பத்தி இருந்து, அதன் அடியில் கூட்டுத்தொகையும் இருந்தால், முதல் வேலையாக அந்தக் கூட்டுத்தொகையை எடுத்துவிடுங்கள். 2011க்கு முந்தைய இங்கிலாந்து, வேல்ஸ் தரவில் சீனர் அதற்குள் இல்லை. அமெரிக்கத் தரவில் இருக்கிறார்கள். கனடாவின் கணக்கெடுப்பில் ‘ஏஷியன்’ என்ற ஒட்டுமொத்த வகையே கிடையாது. சவுத் ஏஷியன், சைனீஸ், பிலிப்பினோ, கொரியன் என்று தனித்தனி. தென்னாப்பிரிக்காவில் ‘இண்டியன் அல்லது ஏஷியன்’ என்று ஒரே வகை, அதில் பெரும்பாலோர் இந்திய வம்சத்தவர். ஆஸ்திரேலியா இனம் என்றே கேட்பதில்லை. பூர்வகுடியா என்று ஒரு கேள்வி, மற்றபடி வம்சாவளி, பிறந்த நாடு. பேச்சில் ஆஸ்திரேலியர் ‘ஏஷியன்’ என்றால் பெரும்பாலும் சீனர், வியட்நாமியரைத்தான் சொல்வார்கள். அந்த வகையில் அமெரிக்கா மாதிரி.

ஆக்லாந்துத் தரவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 1879இலிருந்து கூலி ஒப்பந்தத்தில் ஃபிஜித் தீவுக்குப் போன இந்தியர்களின் பேரப்பிள்ளைகள் பெருமளவில் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பசிபிக் தீவில் பிறந்து வளர்ந்தவர்கள். நியூசிலாந்தின் வகைப்பாடு அவர்களைப் ‘பசிபிக் மக்கள்’ பட்டியலில் சேர்க்காமல் ஏஷியன் பட்டியலில், இந்தியருக்குக் கீழே வைக்கிறது. இது அவர்களில் பலருக்கு மனக்கசப்பு. ஃபிஜியிலும் ‘ஃபிஜியன்’ என்ற பெயர் நெடுங்காலம் பூர்வகுடிகளுக்கு மட்டுமே இருந்தது. குடிமக்கள் எல்லாருக்கும் அது பொதுப்பெயரானது 2010க்குப் பிறகுதான். ஆக்லாந்து சக ஊழியர் பெயரில் ஒரு ‘பிரசாத்’தோ ‘நாயரோ’ இருப்பதைப் பார்த்துவிட்டு, “இந்தியாவில் எந்த ஊர்?” என்று ஆரம்பிக்காதீர்கள்.

இனி கேப் டவுன் தோழி. உங்களுக்கு வந்த மின்னஞ்சலின் காரணமும் இதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் ‘கலர்ட்’ என்பது கறுப்பினத்தவரைத் தனிப் பெஞ்சில், தனிக் குழாயில், தனிக் கழிவறையில் ஒதுக்கி வைத்த காலத்தின் பலகைச் சொல். பிரிட்டனில் ஐம்பது அறுபதுகளில் அது நாகரிகமான சொல்லாகவே கருதப்பட்டது. இன்றும் சில வயதானவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்லிவிட்டு மாட்டிக்கொள்வதுண்டு. நடிகர் பெனடிக்ட் கம்பர்பேட்ச் 2015இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டியில், கறுப்பின நடிகர்களுக்கு ஆதரவாகப் பேசும்போதே இந்தச் சொல்லைச் சொல்லி மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அமெரிக்காவில் 1909இல் தொடங்கிய கறுப்பினத்தவர் உரிமைச் சங்கத்தின் (NAACP) பெயரில் மட்டும் அது இன்னமும் இருக்கிறது. பழைய பெயர் என்பதால் விட்டு வைத்திருக்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவில் அதே எழுத்துகள் ஒரு சமூகத்தின் பெயர். கேப் பகுதியின் பூர்வகுடிகளான கோயி, சான் மக்கள், டச்சுக் கம்பெனி அடிமைகளாகக் கொண்டுவந்து இறக்கியவர்கள், ஐரோப்பியர் என்று எல்லாருடைய ரத்தமும் கலந்து உருவான மக்கள். அந்த அடிமைகளில் இந்தோனேசியா, மடகாஸ்கர்க்காரர்களோடு வங்காளத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் பிடித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. உங்கள் தோழியின் முன்னோர்களில் ஒருவர் நாகப்பட்டினம் பக்கத்து ஆளாக இருந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. 1950இல் நிறவெறி அரசாங்கம் மக்கள் பதிவுச் சட்டம் போட்டு ஆளுக்கொரு இனத்தை அட்டையில் எழுதியது. ஒரே வீட்டில் அண்ணன் ஓர் இனம், தம்பி வேறு இனம் என்றுகூட ஆனது. கேப் டவுனில் டிஸ்டிரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியை 1966இல் ‘வெள்ளையர் பகுதி’ என்று அறிவித்து, கலர்ட் குடும்பங்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த அந்த இடத்திலிருந்து அறுபதாயிரம் பேருக்கு மேல் வெளியேற்றினார்கள். அந்தக் காயத்தோடும் தங்கள் மொழி, பாட்டு, சமையலோடும் சேர்ந்து அது ஒரு சமூகப் பெயராக நிலைத்துவிட்டது. 2022 கணக்கெடுப்பில் நாட்டில் 8.2 விழுக்காடு பேர் கலர்ட். அவர்களிலும் அந்தப் பெயரை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். உங்கள் தோழி ஏற்கிறார். அது அவர் உரிமை.

நீங்கள் என்ன செய்திருக்கலாம்? அவர் பெயரைச் சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான். ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் சொல் நம் வாயிலிருந்து வரும்போது அதே எடையில் வராது. அதுவும் அமெரிக்கக் காதுகள் கேட்டுக்கொண்டிருக்கும் அறையில் நிச்சயம் வராது. மனிதவளத் துறைக்கு நீளமான விளக்கம் எழுதாதீர்கள். வரலாற்றுப் பாடம் நடத்தினால் வாதாடுவது போலிருக்கும். ‘அவர் தம் நாட்டின் அதிகாரபூர்வ வகைப்பெயரைத் தம்மைப் பற்றிச் சொன்னார், அதை நான் திருப்பிச் சொன்னேன். இங்கே அதன் பொருள் வேறு என்று அறிந்துகொண்டேன். இனி அவரைப் பெயரால் குறிப்பிடுவேன்’ என்று மூன்று வரி போதும். ஒரு விஷயத்தை மட்டும் சேர்க்கலாம் என்பது என் கருத்து: தோழியை யாரும் ‘திருத்த’ வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தென்னாப்பிரிக்கப் பெண்ணுக்கு அவள் சமூகத்தின் பெயரை அமெரிக்க அலுவலகம் கற்றுக்கொடுப்பதைப் போல அசட்டுத்தனம் வேறில்லை.

அந்த நாட்டைப் பற்றி இன்னும் இரண்டு சேதி. ஒன்று, ‘பிளாக்’. அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குள் நமக்கு இடமில்லை. தென்னாப்பிரிக்காவில் கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டுக்கான 2003ஆம் ஆண்டுச் சட்டம், ‘கறுப்பர் என்றால் ஆப்பிரிக்கர், கலர்ட், இந்தியர்’ என்று வரையறுக்கிறது. அதிலே விட்டுப்போன தென்னாப்பிரிக்கச் சீனர்கள் நீதிமன்றம் போனார்கள். அவர்களையும் அந்த வரையறைக்குள் சேர்க்க வேண்டும் என்று 2008இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சீனர் கறுப்பராகிவிட்டாரா என்று உலகமே சிரித்தது. நிறவெறிக் காலத்தில் அவர்களும் வாக்குரிமை இல்லாமல் ஒடுங்கிக் கிடந்தார்கள் என்று தெரிந்தவர்கள் சிரிக்கவில்லை. பிரிட்டனிலும் ஒரு காலத்தில் இந்தப் பொருள் இருந்தது. 1979இல் லண்டன் சவுத்தாலில் தெற்காசியப் பெண்கள் முன்நின்று தொடங்கிய அமைப்பு ‘சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்’ என்றே பெயர் வைத்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிகள் தங்களைப் ‘பிளாக்’ என்கிறார்கள், அவர்களுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் சம்பந்தமில்லை. லண்டனில் பிறந்த கறுப்பினத்தவரை ‘ஆப்பிரிக்கன் அமெரிக்கன்’ என்று எழுதிவிடும் பழக்கம் அமெரிக்க அலுவலகங்களில் உண்டு, உங்கள் குழுவிலும் நடக்கலாம்.

இரண்டாவது, டர்பன்காரர்கள் யாராவது குழுவில் சேர்ந்தால் உங்களுக்கே வரக்கூடிய குழப்பம். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பனில் இறங்கியது. அவர்களின் வழிவந்தவர்கள் இன்று பிள்ளை, நாயுடு, கவுண்டர் என்ற பெயர்களைப் ‘பில்லே’, ‘நைடூ’, ‘கவெண்டர்’ என்று உச்சரித்துக்கொண்டு, பெரும்பாலும் ஆங்கிலம் மட்டுமே பேசுகிறார்கள். “நான் தமிழ்” என்பார்கள். நாம் சந்தோஷமாகத் தமிழில் பேச ஆரம்பித்தால் விழிப்பார்கள். அங்கே ‘தமிழ்’ என்பது பல குடும்பங்களில் கோயில், சடங்கு, சாமி சம்பந்தமான அடையாளம். “அவர்கள் ஹிந்து, நாங்கள் தமிழ்” என்று வட இந்திய வம்சத்தவரிடமிருந்து தங்களைப் பிரித்துச் சொல்வதைக்கூடக் கேட்கலாம். மொழி போய்விட்டதே என்று அங்கலாய்க்காமல், காவடி எப்போது எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். மணிக்கணக்காகப் பேசுவார்கள்.

டொராண்டோ சுலபம். அங்கே ‘விசிபிள் மைனாரிட்டி’ என்று ஒரு சொல் அடிபடும். மற்ற நாட்டுக்காரர்களுக்கு விநோதமாகப்படும், ஆனால் அது கனடா வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தில் இருக்கும் சட்டச்சொல். வயதானவர்கள் நம்மை ‘ஈஸ்ட் இண்டியன்’ என்பார்கள். வங்காளத்தானா என்று கேட்டுவிடாதீர்கள், முழு இந்தியாவும் அதில் அடக்கம். டிரினிடாட், கயானாவிலும் இந்திய வம்சத்தவர் ‘ஈஸ்ட் இண்டியன்’தான். அதே ஆட்கள் வெளியூர் போனால் ‘வெஸ்ட் இண்டியன்’. வெஸ்ட் இண்டீஸ் அணியில் கன்ஹாயும் சந்தர்பாலும் ஆடியது இப்படித்தான். டொராண்டோவில் அவர்கள் நிறையப் பேர்.

முக்கியமானது ஒன்றுண்டு. கனடாவின் பூர்வகுடிகளை ‘இண்டியன்’ என்று சொல்லாதீர்கள். 1876ஆம் ஆண்டின் ‘இண்டியன் சட்டம்’ அதே பெயரில் இன்னும் அமலில் இருக்கிறது. பேச்சில் மட்டும் அந்தச் சொல் புண்படுத்தும். ஃபர்ஸ்ட் நேஷன்ஸ், இனுவிட், மெட்டி என்பவை மூன்று தனித்தனி மக்கள். எல்லையைத் தாண்டி அமெரிக்கா வந்தால் நிலைமை தளர்கிறது: இங்கே பூர்வகுடிகளில் பலர் தங்களை இன்னமும் ‘இண்டியன்’ என்றே சொல்லிக்கொள்கிறார்கள், வாஷிங்டனில் இருக்கும் அவர்களின் தேசிய அருங்காட்சியகத்தின் பெயரும் ‘அமெரிக்கன் இண்டியன்’தான். எந்தக் குலம் என்று தெரிந்தால் அந்தப் பெயரையே சொல்வது உத்தமம். ‘இண்டியன் ஹெல்த் சர்வீஸ்’ என்ற அரசு மருத்துவ அமைப்பைப் பார்த்துவிட்டு நமக்குத்தானோ என்று ஒரு நண்பர் விசாரித்ததும் உண்டு.

பாகிஸ்தானியரைச் சுருக்கி அழைக்கும் அந்தச் சொல்லைப் பற்றி லெஸ்டரில் இருந்த உங்களுக்குப் பாடம் தேவையில்லை. அடி வாங்கியவர்களின் காதில் விழுந்த கடைசிச் சொல் அது. அமெரிக்கர்கள் அதை வெறும் சுருக்கமாக நினைத்துச் சொல்லிவிடுவார்கள். 2002இல் அதிபர் புஷ்ஷே பொதுவில் சொல்லியிருக்கிறார். கேட்டதும் துடித்துப்போகாமல் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். பதிலுக்கு ‘ஓரியண்டல்’ என்ற சொல்லை நீங்கள் லெஸ்டரிலேயே விட்டுவிட வேண்டும். அங்கே மளிகைக்கடைப் பலகையில் பார்த்துப் பழகியிருப்பீர்கள். இங்கே 2016இல் அதைக் கூட்டாட்சிச் சட்டங்களிலிருந்தே நீக்கினார்கள்.

மகளின் படிவம். அமெரிக்கப் பள்ளிப் படிவங்கள் பலவற்றில் கேள்வி இரண்டு பகுதியாக இருக்கும். முதலில், ‘ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோவா?’ என்று தனியாகக் கேட்டிருப்பார்கள். பிரிட்டனில் இல்லாத கேள்வி. ஸ்பானியப் பண்பாட்டு வழி வந்தவரா என்பதுதான் அது. இல்லை என்று குறியுங்கள். இரண்டாவது பகுதியில் இனம். ‘ஏஷியன்’ என்பதில் குறி போட்டால் முடிந்தது. இந்தியா, இலங்கை இரண்டும் அதற்குள்தான் வருகின்றன. பிரிட்டனில் உங்கள் கணவர், தனிக் கட்டம் இல்லாததால் ‘பிற ஏஷியன்’ என்பதில் இலங்கைத் தமிழர் என்று எழுதிப் பழகியிருப்பார். இங்கேயும் உட்பிரிவு கேட்கும் படிவம் வந்தால் ‘ஏஷியன் இண்டியன்’ என்பதையும் குறித்து, ‘பிற ஏஷியன்’ என்பதில் இலங்கை என்றும் எழுதலாம். ஒன்றுக்கு மேல் குறிக்க இந்நாட்டில் 2000 கணக்கெடுப்பிலிருந்தே அனுமதி உண்டு. ‘அமெரிக்கன் இண்டியன்’ பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். அவசரத்தில் ‘இண்டியன்’ என்ற எழுத்தைப் பார்த்ததும் குறி போட்டுவிடும் பெற்றோர்கள் இருக்கிறார்கள்.

இதெல்லாம் எதற்கு, காலியாக விட்டுவிடலாமா என்று தோன்றும். விடலாம். ஆனால் பள்ளிகளுக்கு அரசு தந்திருக்கும் வழிகாட்டுதலின்படி, பெற்றோர் நிரப்பாவிட்டால் பள்ளி ஊழியர் ஒருவர் குழந்தையைப் பார்த்துத் தானே ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வேலையிடத்திலும் கிட்டத்தட்ட இதே நடைமுறைதான்: ஊழியர் சொல்ல மறுத்தால் நிறுவனம் பார்வையால் ஊகித்து அறிக்கை அனுப்ப இடமிருக்கிறது. முன்பின் தெரியாத குமாஸ்தா உங்கள் மகள் முகத்தைப் பார்த்து முடிவு செய்வதை விட நீங்களே நிரப்பிவிடுவது மேல்.

மருத்துவமனைப் படிவத்தை மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைக் கணக்கிடும் குறியீட்டில் பொதுவாக 25ஐத் தாண்டினால்தான் அதிக எடை என்பார்கள். நம் போன்றவர்களுக்கு அதற்கும் கீழேயே சர்க்கரை நோய் வருவதால், ஏஷியன் அமெரிக்கர்களுக்கு 23லேயே பரிசோதிக்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவு சங்கம் 2015இலிருந்து சொல்லிவருகிறது. பிரிட்டனிலும் இதே 23தான். புது மருத்துவருக்கு இது நினைவில் இல்லாமல் போகலாம். கட்டத்தில் குறி போட்டதோடு நிற்காமல், பெற்றோர் இந்தியர், இலங்கையர் என்றும் குடும்பத்தில் யாருக்குச் சர்க்கரை என்றும் எழுதிக் கொடுங்கள். கணவருக்கும் இந்த வருடப் பரிசோதனை முடியவில்லை என்றால் சேர்த்தே நாள் வாங்கிவிடுங்கள்.